வாழ்வுகாலமும் தாழ்வுகாலமும்: கிறிஸ்தவ தைரியம் பற்றி ஓர் எளிய விளக்கம்

சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக் குடோன்களுக்குள் போனால், தறிக்காரர் கிறிஸ்தவராக இருக்கிற இடத்தில் சுவிட்ச் போர்டுக்கு மேலே ஒரு வசன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பஞ்சு படிந்து பாதி எழுத்து மறைந்திருந்தாலும் என்ன வசனம் என்று தெரிந்துவிடும். "பலங்கொண்டு திடமனதாயிரு." யோசுவா முதல் அதிகாரம், ஒன்பதாம் வசனம். தறி ஓடுகிற நாளிலும் அது அங்கேதான் இருக்கிறது, பாவு நூல் வராமல் தறி நிற்கிற நாளிலும் அங்கேதான் இருக்கிறது.

அந்தத் திடமனது என்பது என்ன? சபைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கிற கேள்வி இது. திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) வகுப்புக்கு வருகிற பிள்ளைகளும் கேட்பார்கள், கிறிஸ்தவர் அல்லாத பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்பார்கள். "இயேசுவைக் கும்பிட்டாக் கஷ்டம் வராதுங்களா?" என்று சிலர் நேராகவே கேட்டுவிடுவார்கள். வரும். கிறிஸ்தவர் தோட்டத்துக் கிணறும் வற்றும், கிறிஸ்தவர் வீட்டிலும் கேன்சர் வரும், கிறிஸ்தவர் கம்பெனிக்கும் ஆர்டர் கேன்சல் ஆகும். நல்லவர் கெட்டவர் எல்லார் மேலும் ஒரே சூரியன், ஒரே மழை என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னதே (மத்தேயு 5:45) இதற்குப் போதும்.

அப்படியானால் விசுவாசத்தால் என்ன மாறுகிறது? சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: நல்ல காலமோ கெட்ட காலமோ, கடவுள் நம்மோடு இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, அன்றைக்குச் செய்ய வேண்டியதைச் செய்கிற மனசு. அதைத்தான் கிறிஸ்தவர்கள் தைரியம் என்கிறார்கள். இதில் "நல்ல காலமோ" என்ற பாதியைப் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் அதற்குக் கொஞ்சம் அதிகமாகவே இடம் கொடுக்கப்போகிறேன்.

இரண்டையும் சேர்த்துச் சொல்கிற ஒரு வசனம் பிரசங்கி புத்தகத்தில் இருக்கிறது (கத்தோலிக்க விவிலியத்தில் இதற்குச் சபை உரையாளர் என்று பெயர், நான் இங்கே எடுத்துக்காட்டுவது சிஎஸ்ஐ எனப்படும் தென்னிந்தியத் திருச்சபையில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பு). 7:14 இப்படித் தொடங்குகிறது: "வாழ்வுகாலத்தில் நன்மையை அநுபவித்திரு, தாழ்வுகாலத்தில் சிந்தனைசெய்." இரண்டு காலத்தையும் வைத்தவர் கடவுளே என்றும், நாளைக்கு என்ன வரும் என்று மனிதனால் கண்டுபிடிக்க முடியாது என்றும் அதே வசனம் தொடர்ந்து சொல்கிறது.

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. தாது வருஷப் பஞ்சம் என்று 1876–78 பஞ்சத்தைப் பற்றிப் பாட்டி காலத்துக் கதைகளிலேயே கேட்டிருப்போம். நம் காலத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயக்கழிவால் நொய்யல் ஆறு வீணாய்ப் போனதற்கு அந்த உத்தரவு தேவைதான் என்று சொன்னவர்களும் இருந்தார்கள், அதே வாரத்தில் வேலை போய் ஊருக்குப் பஸ் ஏறியவர்களும் இருந்தார்கள். இரண்டு தரப்பிலும் விசுவாசிகள் உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மேல் 50 சதவீத வரி போட்டது. நடுவில் ஆர்டர் குவிந்து ராத்திரி ஷிஃப்டுக்கு ஆள் கிடைக்காமல் அலைந்த வருஷங்களும் இருந்தன. ஒரே தெருவில் ஒரு வீட்டில் புதுமனை புகுவிழாவும் எதிர்வீட்டில் பேங்க் நோட்டீசும் என்பது இங்கே புதிய காட்சி இல்லை.

முதலில் வாழ்வுகாலம்

நல்ல காலத்தில் தைரியம் எதற்கு என்று தோன்றலாம். நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வதை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தால், "போதும் சாமி, ரொம்பச் சிரிச்சா அப்புறம் அழுகோணும்" என்பார்கள். பொண்ணுக்கு நல்ல இடம் அமைந்தால் வெளியே சொல்ல மாட்டார்கள், கண் பட்டுவிடும். சந்தோஷத்துக்கு ஏதோ ஒரு பில் பின்னால் வரும் என்ற பயம் நம் ரத்தத்தில் ஊறியது. ஞானஸ்நானம் எடுத்த பிறகும் அது அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. கடவுள் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கக் காத்திருக்கிறார் என்று நினைக்கிற கிறிஸ்தவர்களை எனக்குத் தெரியும்.

பிரசங்கி அந்தப் பயத்துக்கு இடம் தருவதில்லை. நன்மை வந்தால் அனுபவி என்கிறது. கறிச்சோறு கிடைத்தால் ருசித்துச் சாப்பிடு, பேரன் பிறந்தால் கொண்டாடு, கொடுத்தவருக்கு நன்றி சொல். கையில் இருப்பதைப் பயமில்லாமல் வாங்கிக்கொள்வதற்கும் நெஞ்சுரம் வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஆபத்து ஒன்று உண்டு. வனாந்தரத்தில் நாற்பது வருஷம் அலைந்த இஸ்ரவேல் மக்கள் செழிப்பான நாட்டுக்குள் நுழையப்போகிற நேரத்தில், அவர்களை நடத்திவந்த மோசே ஒரு எச்சரிக்கை கொடுக்கிறார். உபாகமம் எட்டாம் அதிகாரம். எதிரிகளைப் பற்றியோ பஞ்சத்தைப் பற்றியோ இந்த இடத்தில் அவர் கவலைப்படவில்லை. சாப்பிட்டுத் திருப்தியாகி, நல்ல வீடு கட்டி, ஆடு மாடு பெருகி, வெள்ளியும் பொன்னும் சேர்ந்த பிறகு, "என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும் இந்த ஐசுவரியத்தை எனக்குச் சம்பாதித்தது" என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்ளாதே என்கிறார்.

இது நம் ஊருக்கென்றே எழுதியது போல இருக்கும். இரண்டு ஓவர்லாக் மிஷினில் ஆரம்பித்து இருநூறு பேருக்கு வேலை கொடுக்கிற நிலைக்கு வந்தவர்கள் இங்கே நிறைய. உழைப்பு உண்மை. விடியக்காலை நாலு மணிக்கு எழுந்தது உண்மை. ஆனால் அந்தக் கதையைச் சொல்லும்போது டெய்லர்களும், செக்கிங் செய்த பெண்களும், அவசரத்துக்கு நகையைக் கழற்றிக் கொடுத்த மனைவியும் காணாமல் போய்விடுவார்கள். கடவுளும்தான். தனியாக நின்று ஜெயித்தேன் என்று நம்புகிற ஆள், அடுத்த இறக்கத்தில் தனியாக நின்று தோற்றேன் என்றுதான் நினைப்பார். அந்த நினைப்பு ஆளையே தின்றுவிடும். நல்ல காலத்தில் நன்றி சொல்லிப் பழகியவருக்கு இந்த ஆபத்து கொஞ்சம் குறைவு. எனக்குத் தெரிந்தவரை நல்ல காலத்தின் முக்கியமான பயிற்சி இதுதான்.

லூக்கா 12-ல் இயேசு சொன்ன ஐசுவரியவான் கதையும் இதே இடத்தைத்தான் தொடுகிறது. விளைச்சல் அதிகம், களஞ்சியம் போதவில்லை, இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டலாம் என்று அவன் திட்டம் போடுகிறான். விவசாயியாகப் பார்த்தால் அதில் தப்பே இல்லை. ஆனால் கதை முழுக்க அவன் தன்னோடுதான் பேசுகிறான். மனைவி, கூலியாட்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரர் யாருமே வருவதில்லை. அன்று ராத்திரியே அவன் உயிர் போகப்போகிறது.

ஆக, வாழ்வுகாலத் தைரியம் என்பதில் கொடுப்பதும் அடங்கும். சம்பளத்தை இழுத்தடிக்காமல் கொடுப்பது, ஆர்டர் நன்றாக இருக்கும்போதே கூலியை உயர்த்துவது. நாளைக்கு இல்லாமல் போய்விடுமோ என்ற பயம்தான் பெரும்பாலும் கையை மூட வைக்கிறது. பேராசைக்காரர்கள் எண்ணிக்கையில் குறைவு, பயந்தவர்கள்தான் அதிகம்.

இந்த இடத்தில் நீதிமொழிகளில் வருகிற ஒரு ஜெபத்தைப் புதியவர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும். 30-ஆம் அதிகாரம், ஆகூர் என்பவருடைய ஜெபம். "தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக" என்று கேட்கிறார். பணம் கூடினால் கர்த்தர் யார் என்று கேட்டுவிடுவேன், வறுமை வந்தால் திருடிவிடுவேன், அதனால் என் படியை அளந்து கொடும் என்கிறார். இரண்டு பக்கமும் வழுக்கும் என்று தன்னைத் தெரிந்து வைத்திருந்த மனிதர். சபைகளில் இந்த ஜெபத்தைச் சத்தமாகச் செய்து நான் கேட்டதே இல்லை. ஐசுவரியம் வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

பவுல் கற்றுக்கொண்டது

புதிய ஏற்பாட்டில் இந்த விஷயத்தை மிகத் தெளிவாகப் பேசுகிறவர், இயேசுவின் செய்தியை ஊர் ஊராகக் கொண்டுபோன பவுல். அவர் பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக்கொள்வோம். இந்தச் சபை உருவான விதம் அப்போஸ்தலர் 16-ல் இருக்கிறது. அங்கே முதலில் விசுவாசத்துக்கு வந்தவர் லீதியாள் என்ற பெண் வியாபாரி. தியத்தீரா ஊர்க்காரி, இரத்தாம்பரம் என்கிற விலையுயர்ந்த சாயத்துணி விற்றவர். ஐரோப்பாவில் பவுலின் பேச்சைக் கேட்டு மனம் திறந்ததாகப் பெயர் சொல்லப்படும் முதல் ஆள் ஒரு ஜவுளிக்காரி என்பதைத் திருப்பூர், ஈரோடு பக்கத்துப் பிரசங்கியார்கள் இன்னும் அதிகமாகச் சொல்லலாம். அதே ஊரில்தான் பவுலும் அவரோடு வந்த சீலாவும் அடிபட்டு, கால்களைத் தொழுமரத்தில் மாட்டி, சிறையில் கிடந்தார்கள். நடுராத்திரியில் பாடினார்கள். வசதியான வீட்டு விருந்தும் சிறையும் ஒரே ஊரில், சில நாட்கள் இடைவெளியில்.

வருஷங்கள் கழித்து அந்தச் சபைக்குப் பவுல் கடிதம் எழுதும்போது அவர் மறுபடியும் கைதி. ரோமாபுரிக் காவலில், கிபி 60–62 வாக்கில் எழுதினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. பிலிப்பிச் சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் உதவி கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். அதற்கு நன்றி சொல்லும் இடத்தில் இப்படி எழுதுகிறார்: "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன். தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்." திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் பழக்கப்பட்டேன் என்று அது தொடரும். அடுத்த வசனம் எல்லாருக்கும் தெரிந்தது: "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு."

இந்த வசனம் பரீட்சை அட்டையிலும் டெம்போ கண்ணாடியிலும் ஒட்டுகிற வசனமாகிவிட்டது. முதல் மார்க் எடுப்பேன், டெண்டர் எனக்கே விழும் என்கிற அர்த்தத்தில். பவுல் சொன்ன "எல்லாவற்றையும்" என்பதில் பட்டினி கிடப்பதும் சேர்த்தி. இல்லாமல் இருக்கிற நாளையும் என்னால் கடக்க முடியும், இருக்கிற நாளிலும் என்னால் தலைகால் புரியாமல் ஆடாமல் இருக்க முடியும், அதற்கான பலம் கிறிஸ்துவிடமிருந்து வருகிறது. வசனத்தின் பாரம் அங்கேதான் இருக்கிறது. ஸ்டிக்கரைக் கிழிக்கச் சொல்லவில்லை. முன்னால் இருக்கிற இரண்டு வசனங்களையும் சேர்த்து வாசித்துவிட்டு ஒட்டுங்கள் என்கிறேன்.

இன்னொன்று. இந்த மனசு பவுலுக்கு ஒரே ராத்திரியில் வந்ததல்ல. ஐந்து தடவை யூதர்களிடம் ஒன்றுகுறைய நாற்பதடி (39 அடி), மூன்று தடவை தடியடி, மூன்று தடவை கப்பற்சேதம் என்று 2 கொரிந்தியர் 11-ல் அவரே பட்டியல் கொடுக்கிறார். பலவருஷப் படிப்பு. அதனால் நேற்று விசுவாசத்துக்கு வந்தவர், முதல் அடியிலேயே ஆடிப்போனால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அழுதால் விசுவாசம் குறைவா?

தாழ்வுகாலத்தைப் பற்றிப் பேசும்போது முதலில் இதைத் தெளிவாக்கிவிட வேண்டும். துக்க வீட்டில் சிலர் "அழாதீங்க, விசுவாசிங்க அழக்கூடாது" என்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அதற்கு விவிலியத்தில் ஆதாரம் இல்லை. நண்பர் லாசரு இறந்தபோது இயேசு கண்ணீர் விட்டார். பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில், "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று சீஷர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். இந்தப் பாத்திரம், அதாவது வரப்போகிற பாடு, நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்று ஜெபித்தார். பயம் வந்தது, துக்கம் வந்தது, தப்ப வழி இருந்தால் தேவலை என்று தோன்றியது. அதற்குப் பிறகுதான் "உம்முடைய சித்தத்தின்படியே" என்றார். கிறிஸ்தவ தைரியம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் காட்டுகிற இடம் இது. பயத்தை மறைக்காமல், ஓடியும் போகாமல் நிற்பது.

சங்கீதங்களை எடுத்துப் பாருங்கள். 13-ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, ஆறுதலாக ஒரு கடைசி வரிகூடக் கிடையாது. அதையும் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்கள். கடவுளிடம் கோபித்துக்கொள்வதற்கும் விசுவாசத்துக்குள் இடம் உண்டு என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

யோபுவின் கதையையும் நாம் பாதிதான் சொல்கிறோம். சொத்தையும் பிள்ளைகளையும் இழந்து, "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று சொன்னவர், இரண்டு அதிகாரம் தாண்டியதும் தான் பிறந்த நாளையே சபிக்கிறார். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள் ஏழு நாள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியானது அதுதான். வாயைத் திறந்த பிறகு, நீ ஏதோ தப்பு செய்திருப்பாய், அதனால்தான் இப்படி என்று ஆரம்பித்தார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது யோபுவைக் குற்றஞ்சாட்டிய அந்த நண்பர்களைத்தான்.

நம் ஊரில் இந்த நண்பர்கள் இன்னும் இருக்கிறார்கள். "என்ன பாவம் பண்ணுனாங்களோ" என்பது தெருப் பேச்சு. "காணிக்கை ஒழுங்காக் கொடுக்கலையோ" என்பது சபைப் பேச்சு. பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் இயேசு (யோவான் 9). சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் செத்தார்களே, அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இன்னொரு சமயம் கேட்டார் (லூக்கா 13). நம் செயலுக்கு விளைவே கிடையாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. குடித்துக் குடலைக் கெடுத்துக்கொண்டால் அது குடித்ததால்தான். ஆனால் ஒருவர் கஷ்டத்தைப் பார்த்து அவர் கணக்கை எழுதுகிற வேலையை இயேசு நம்மிடம் தரவில்லை.

அப்புறம், ஜெபித்தால் கஷ்டம் போய்விடுமா? சில சமயம் போகும், சில சமயம் போகாது. தன் உடம்பில் ஒரு முள் இருந்ததாகவும், அதை எடுக்கச் சொல்லி மூன்று தரம் வேண்டிக்கொண்டதாகவும் பவுல் எழுதுகிறார். எடுக்கப்படவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் கிடைத்தது. தானியேல் புத்தகத்தில், ராஜாவின் சிலையை வணங்க மறுத்து எரிகிற சூளைக்கு முன்னால் நிற்கிற மூன்று வாலிபர்களும் அந்த ராஜாவிடம், எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்று சொல்லிவிட்டு, அப்படி விடுவிக்காமல் போனாலும் உன் சிலையை வணங்க மாட்டோம் என்கிறார்கள். அந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் பிரசங்கிப்பது புதிய விசுவாசிகளுக்குச் செய்கிற பெரிய கெடுதல். விடுதலை வராத வீட்டில் அந்தப் பிரசங்கம் விசுவாசத்தையும் சேர்த்து உடைத்துவிடும்.

மருத்துவம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், பவுலோடு கூடவே இருந்த லூக்கா ஒரு வைத்தியர் என்பதை நினைவுபடுத்துங்கள். மனச்சோர்வுக்கும் இது பொருந்தும். தூக்கம் இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் ஜெபமும் செய்யுங்கள், கையைப் பிடித்து டாக்டரிடமும் கூட்டிப் போங்கள். கந்துவட்டிக் கடனில் மாட்டியவருக்கு வசனத்தோடு சேர்த்து, கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒரு ஆளும் தேவை.

வறட்சி வருஷத்து அறுப்பின் பண்டிகை

2016-ல் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது ஞாபகம் இருக்கலாம். அந்த வறட்சியில் தாராபுரம் பக்கத்துக் கிராமச் சபை ஒன்றின் அறுப்பின் பண்டிகைக்குப் போயிருந்தேன். பழக்கமில்லாதவர்களுக்கு: அறுப்பின் பண்டிகை என்பது விளைந்ததில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைத்து, ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுகிற நாள். மற்ற வருஷமாக இருந்தால் ஆல்டருக்கு (பலிபீடத்துக்கு) முன்னால் வாழைத்தாரும் தேங்காய்க் குலையும் பூசணியும் முருங்கைக்காய்க் கட்டும் குவிந்து, கால் கட்டிய நாட்டுக்கோழி ஒன்று பிரசங்கத்துக்கு நடுவில் கத்திக்கொண்டிருக்கும்.

அந்த வருஷம் பாதிக்குமேல் கடையில் வாங்கிய சாமான்கள். பிஸ்கட், சோப்பு, நோட்டுப் புத்தகம். ஒரு அம்மா முறத்தில் கொஞ்சம் கொள்ளு கொண்டுவந்திருந்தார். "வெதைச்சது நாலு வள்ளமுங்க, வந்தது ரெண்டு" என்றார். அதில் ஒரு படியை முந்தானையால் தூசி தட்டிப் புடைத்து, கல் பொறுக்கிக் கொண்டுவந்திருக்கிறார். பாஸ்டர் ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் மூன்றாம் அதிகாரத்தை வாசித்தார். அத்திமரம் துளிர்க்காவிட்டாலும், திராட்சை பழுக்காவிட்டாலும், வயல் விளையாவிட்டாலும், "தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும், நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்கிற பகுதி. தீனி இல்லாமல் காங்கேயம் மாட்டை விற்றுவிட்டு வந்தவர்கள் அந்தப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வாசிப்பு முடிவதற்குள் எழுந்து வெளியே போனார், கொஞ்சநேரம் கழித்து முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அடுத்த வருஷம் இரட்டிப்பாகக் கொடுப்பார் என்று பாஸ்டர் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. ஏலத்தில் அந்தக் கொள்ளை ஒருவர் எடுத்தார், எடுத்ததும் "மறுபடி ஏலத்துக்கு விடுங்க" என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்தவரும் அப்படியே. இப்படிப் பல கை மாறி, கடைசியில் ஒருவர் நல்ல விலைக்கு எடுத்து, அந்த அம்மாவிடமே விதைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டார். அவர் வேண்டாம் என்று கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினார். பிறகு சாப்பாடு. சாப்பிட்டுக்கொண்டே ஆயிரம் அடிக்குப் போர் போட்டும் புகைதான் வந்தது என்று ஒருவர் சொல்ல, பேச்சு போர்வெல் வண்டி வாடகைக்குத் தாவிவிட்டது.

அந்த அம்மா எப்படிப் பழகினார் என்று யோசித்தால், நல்ல வருஷங்களில் வாழைத்தார் கொண்டுவந்து பழகியவர் என்பதுதான் பதில். தையில் சோளத்தட்டை அறுத்துப் போர் போட்டு வைத்தவருக்குத்தான் சித்திரையில் மாட்டுக்குத் தீனி இருக்கும். ஜெபமும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். கஷ்டம் வந்த பிறகு ஜெபிக்கக் கற்றுக்கொள்ள முடியாதா என்றால், முடியும். நிறையப் பேர் அப்படித்தான் விசுவாசத்துக்கு வந்திருக்கிறார்கள். ஆனால் அது நெருக்கடியில் கற்கிற பாடம், மூச்சு முட்டும்.

அடிப்படை எங்கே இருக்கிறது

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு நியாயமான கேள்வி வரும். திடமாக இரு, நன்றியாக இரு என்று எல்லா மதமும்தானே சொல்கிறது, திருக்குறளே இடுக்கண் வருங்கால் நகுக என்கிறதே, கிறிஸ்தவத்தில் தனியாக என்ன? குறள் காட்டுவது துன்பத்தை எதிர்கொள்கிற மனிதனுடைய உள்ளுறுதி. கிறிஸ்தவர் தன் உறுதியை ஒரு சம்பவத்தின் மேல் வைக்கிறார். இயேசு சிலுவையில் அறையப்பட்டார், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பதன் மேல். கடவுளே துன்பத்துக்குள் இறங்கி வந்தார், அது அவரை முடித்துவிடவில்லை என்பதுதான் ஆதாரம். பிடிபடுவதற்குச் சற்று முன்னால், சீஷர்களோடு கடைசியாகப் பேசும்போது, "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு, ஆனாலும் திடன்கொள்ளுங்கள், நான் உலகத்தை ஜெயித்தேன்" என்றார் (யோவான் 16:33). சில மணி நேரத்தில் சாட்டையடி வாங்கப்போகிறவர் சொன்ன வார்த்தை. உபத்திரவம் உண்டு என்பதை அவர் முதலில் சொல்லிவிட்டார் என்பதைக் கவனியுங்கள்.

இதை நம்புகிறவர்கள் கல்லறைத் தோட்டத்தில் நடந்துகொள்வதைப் பார்த்தால் புரியும். நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறைக்கு வெள்ளையடித்து, செவ்வந்திப் பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். பிள்ளைகள் நடுவில் ஓடிப்பிடித்து விளையாடும். அழுகிறவர்கள் அழுவார்கள், பக்கத்தில் டீக்காரர் வியாபாரம் பார்ப்பார். யாரும் யாரையும் அதட்ட மாட்டார்கள்.

இந்த தைரியம் தனி ஆளாக நின்று காட்டுகிற வீரமும் அல்ல. "சந்தோஷப்படுகிறவர்களுடனே சந்தோஷப்படுங்கள்; அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்று ரோமர் 12:15 சொல்கிறது. அடுத்தவரோடு அழுவது சுலபம். பங்காளி வீடு கட்டும்போது மனசாரச் சந்தோஷப்படுவதுதான் கஷ்டம், அதற்குத்தான் அதிக கிருபை வேண்டும் என்பது என் அபிப்பிராயம். 2020 ஏப்ரல் 12, ஈஸ்டர் அன்று கோயில்கள் பூட்டியிருந்தபோது போன் ஸ்பீக்கரில் ஆராதனை கேட்டுக்கொண்டிருந்த வீடுகளுக்கு, கூடிவருவது என்னவென்று புரிந்தது. கை கொடுக்க ஆள் இல்லாத அல்லேலூயா பாதிதான்.

புதிதாகத் தொடங்குகிறவர் என்ன செய்யலாம் என்று கேட்டால், வாக்குத்தத்த அட்டையில் வருஷத்துக்கு ஒரு வசனம் எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள் என்பேன். ஒரு புத்தகத்தை முழுசாக வாசியுங்கள். பிலிப்பியர் நாலே அதிகாரம், தறி நிற்கிற பவர்கட் நேரத்தில் முடித்துவிடலாம். அதன் பிறகு 13, 88 இரண்டு சங்கீதங்களையும், மூன்று அதிகாரமே உள்ள ஆபகூக்கையும் வாசியுங்கள். வாசிக்கும்போது ஒத்துவராத இடங்களில் பென்சிலால் கோடு போட்டு வைத்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாஸ்டரையோ பங்குச் சாமியாரையோ பிடித்து உட்கார வைத்துக் கேளுங்கள். அவசரமாகக் கிளம்பப் பார்ப்பார்கள், விடாதீர்கள்.